மில்லில் ஆள் படுக்கக் கூடாது

786

மிளகாய் மில்,
ஜெலுத்தோங் ரோடு, பினாங்கு.
6-7-1931

அன்பு மனைவி ஹபீபா பீவிக்கு மீரா சாகிப் ஸலாம் சொல்லி எழுதுவது.

நான் சுகம். மில்லும் சுகம். எஞ்சின் போன வாரம் இருமிக்கொண்டிருந்தது, எண்ணெய் மாற்றியதும் தேறிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா, தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நாலு மாதமாக எழுதாதவன் இப்போது எழுதக் காரணம் உண்டு. இந்தப் பக்கத்தையெல்லாம் டவுன் எல்லைக்குள் சேர்த்துவிட்டார்கள். நேற்றுவரை கம்பத்துக் கிராமம், இன்று டவுன். தென்னைகள் அப்படியேதான் நிற்கின்றன, சட்டம் மட்டும் வந்து இறங்கியிருக்கிறது. படத்தில் கோடு போட்டு, ஒரு பக்கம் குடியிருப்பு, மறு பக்கம் கடை என்று பிரித்திருக்கிறார்கள். எங்கள் கட்டிட வரிசை எந்தப் பக்கம் என்று முனிசிபல் கமிட்டி இன்னும் முடிவு செய்யவில்லை. அதுவரை ஒரே கட்டிடம் வீடாகவும் மில்லாகவும் இருக்கக் கூடாதாம். ஆள் படுத்தால் அது வீடு. வீடு என்றால் மில்லுக்கு லைசென்சு இல்லை.

இன்று முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் வந்தார். ஏரம்பமூர்த்தி என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். நேரே பின்கட்டுக்குப் போய்ப் பாயையும் தலையணையையும் பார்த்துவிட்டார்.

"இதிலை ஆர் படுக்கிறது?" என்றார்.

"யாருமில்லைங்க. மத்தியானத்துல சும்மா கொஞ்சம் சாயறதுதான் லா" என்றேன்.

"பூத்தையல் போட்ட தலையணையிலை சாயிற மில்காரரை நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்றார்.

எனக்கு வேறு வீடு உண்டு, அங்கேதான் படுக்கிறேன் என்று வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று மாதக் கடைசிக்குள் வேண்டுமாம். இல்லாவிட்டால் எஞ்சினுக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். எனக்கு இருக்கும் வீடு உன் வாப்பா உனக்குக் கொடுத்த வீடு ஒன்றுதான். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
மீரா சாகிப்

*

786

அச்சீன் தெரு,
பினாங்கு.
9-7-1931

கண்ணியமுள்ள கணவர் அவர்களுக்கு ஹபீபா பீவி ஸலாம்.

இங்கு நானும் பூனையும் சுகம். பூனை இரண்டு குட்டி போட்டிருக்கிறது. உங்கள் பாயின் இடத்தில்தான் படுத்திருக்கிறது, அதற்கு யாரும் லைசென்சு கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தைக் கண்டதும் என்னவோ ஏதோ என்று அடுப்பைக்கூட அணைக்காமல் பிரித்தேன். உள்ளே எஞ்சினுக்கு இருமல் என்று இருந்தது. எனக்கும்தான் போன மாதம் காய்ச்சல் வந்து போனது. எஞ்சினாகப் பிறந்திருந்தால் நீங்கள் எண்ணெயாவது மாற்றியிருப்பீர்கள்.

நடந்ததை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. மிஷினைக் கூடத்தில் வைக்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னேன்? என் அக்கா ஹமீதாவின் மகள் சலேஹாவைப் பெண் பார்க்க நம் வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்குத்தானா நீங்கள் காய்ந்த மிளகாயைக் கொட்டி அரைக்க வேண்டும்? மாப்பிள்ளையின் உம்மா பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தும்மினார்கள். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்தபடி பெண்ணைப் பார்த்தார். வந்தவர்கள் எல்லோரும் அழுதுகொண்டு போனார்கள்.

"அந்த மிஷினையே கட்டிக்கிட்டுப் படுங்க" என்று நான் சொன்னது உண்மைதான். கோபத்தில் வந்த வார்த்தை. உடனே மாட்டு வண்டி கொண்டுவந்து மிஷினை ஏற்றி, கூடவே நீங்களும் ஏறிக்கொள்வீர்கள் என்று யார் கண்டது? மாப்பிள்ளை பெண் வீட்டில் இருப்பதுதான் நம்மவர் வழக்கம். என் மாப்பிள்ளை மில் வீட்டில் இருக்கிறார் என்று ஊர் சிரிக்கிறது.

நீங்கள் இங்கே படுப்பதாக என்னால் கையெழுத்துப் போட முடியாது. அது பொய். தாளைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் பார்த்தது என் தலையணை. அதைத் திருப்பி அனுப்புங்கள். உங்களுடையதில் தலை வைத்தால் கல்லில் வைத்த மாதிரி இருக்கிறது.

ஹபீபா பீவி

*

786

ஜெலுத்தோங் ரோடு.
13-7-1931

அன்புள்ள ஹபீபாவுக்கு,

காய்ச்சல் வந்ததை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அன்றே ஓடி வந்திருப்பேன். இதை நீ நம்ப வேண்டும்.

இங்கே வரிசை முழுக்க இதே கூத்துதான். தேங்காய் எண்ணெய் ஆட்டும் சிக்கந்தர் தன் கட்டிலைக் கயிறு கட்டி உத்தரத்துக்கு ஏற்றிவிட்டார். இன்ஸ்பெக்டர் அதன் கீழேயே நின்று பேசிவிட்டுப் போனார், மேலே பார்க்கவில்லை. தகர வேலை செய்யும் சீனர் படுக்கைக்கு முன்னால் வாளிகளை அடுக்கி வைத்திருக்கிறார். அவருக்கு உறக்கம் வந்தால் முதலில் வாளிகளை இறக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கமிட்டிக்கு மனுக் கொடுத்திருக்கிறோம், எங்கள் வரிசையைக் கடைப் பக்கம் சேர்க்கச் சொல்லி. கிடைக்கும் என்று நம்பிக்கை இல்லை.

இந்த மில் போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது, ஹபீபா. மறுபடி இன்னொருவர் கடையில் மூட்டை எண்ணும் வயதும் இல்லை.

நீ எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். பொய் என்று எழுதியிருக்கிறாய், வாருங்கள் என்று எழுதவில்லை. போகச் சொன்ன வாய் வரச் சொல்லட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். மேலெல்லாம் மிளகாய் வாடை வேறு. இதோடு உன் கூடத்தில் வந்து நிற்கக் கூச்சமாகவும் இருக்கிறது.

தலையணை இருட்டில் மாறிவிட்டது. ஆள் கிடைத்தால் அனுப்புகிறேன்.

மீரா சாகிப்

*

786

அச்சீன் தெரு.
18-7-1931

அன்புள்ள மச்சானுக்கு ஹபீபா ஸலாம்.

முதலில் நல்ல செய்தி. நேற்று அந்த மாப்பிள்ளையின் உம்மா வந்தார்கள். நான் அடுப்படியில் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன், விடவில்லை. "அன்னைக்கு அரைச்ச மொளகா எங்கே வாங்கினது? அந்தக் காரம் பாசார்ல எங்கேயும் கிடைக்கலையே லா" என்றார்கள். கல்யாண விருந்துக்கு உங்கள் தூள்தான் வேண்டுமாம். யார் கல்யாணம் என்று கேட்டேன். சலேஹாவுக்கும் தம் மகனுக்கும்தான் என்றார்கள். தும்மினதில் கோபமில்லை, நாம்தான் வெட்கப்பட்டு ஆள் அனுப்பவில்லையாம். ஹமீதா அக்கா அழுதுகொண்டே சிரித்தது. இந்த முறை மிளகாய் இல்லாமலே.

தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் பாடுபட்டு வைத்த மில்லுக்கு முத்திரை விழுவதை நான் பார்க்க மாட்டேன். இன்று வரை பொய்க்குக் கையெழுத்துப் போட்டதில்லை. இதை உண்மையாக்குவது உங்கள் பொறுப்பு.

வாருங்கள் என்று எழுதவில்லை என்றீர்களே, இதோ எழுதிவிட்டேன். வாருங்கள். ஆனால் ஒன்று கேட்பேன், மறைக்காமல் சொல்ல வேண்டும். வந்தால் லைசென்சுக்காக வருவீர்களா, எனக்காக வருவீர்களா? லைசென்சுக்காக என்றால் கூடத்தில் பாய் போடுகிறேன், சோறும் போடுகிறேன், குறையிருக்காது. எனக்கு மட்டும் அது தெரிந்திருக்க வேண்டும்.

தலையணை இருட்டில் மாறியது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வண்டி ஏறியபோது நல்ல வெயில், அஸருக்குப் பாங்கு கூடச் சொல்லவில்லை.

ஹபீபா

*

786

ஜெலுத்தோங் ரோடு.
5-8-1931

என் ஹபீபாவுக்கு,

இரண்டு வாரத்துக்கு மேல் பதில் எழுதாமல் உன்னை வருத்திவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

உன் தாள் வந்த அன்றே அதை ஆபீசில் கொடுத்திருக்கலாம். உண்மையாகாத தாளைக் கொடுக்க மனம் வரவில்லை. உண்மையாக்கலாம் என்று பாயைச் சுருட்டினால், லைசென்சுக்காகத்தானே வருகிறார் என்று நீ காலமெல்லாம் நினைத்துக்கொள்வாயே என்று மறுபடி விரித்தேன். சுருட்டுவதும் விரிப்பதுமாகவே மாதக் கடைசி வந்துவிட்டது. இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சிக் கமிட்டி கூடும் நாள்வரை தவணை வாங்கினேன்.

நேற்று கமிட்டி கூடியது. எங்கள் வரிசையைக் கடைப் பக்கம் சேர்த்துவிட்டார்கள். பின்கட்டில் தனி அறையும் அதற்கு ஒரு சன்னலும் இருந்தால் கடைக்காரர் அங்கேயே படுக்கலாமாம். எனக்கு இரண்டும் இருக்கின்றன. சிக்கந்தர் கட்டிலை இறக்கிப் பட்டப்பகலில் அதன் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்.

ஏரம்பமூர்த்தி இன்று லைசென்சைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, "இனி நீங்கள் தாராளமாய்ப் படுக்கலாம்" என்றார். நான் "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டினேன்.

"படுக்கலாமெண்டு சொல்லேக்கை ஏன் ஐயா சுருட்டுறியள்?"

"வீட்டுக்குப் போறேங்க."

அவர் என்னையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் போய்விட்டார்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில், ஹபீபா. இப்போது எந்தச் சட்டமும் என்னை உன் வீட்டுக்குத் துரத்தவில்லை. நானாக வருகிறேன், உனக்காக வருகிறேன். கையில் இருக்கும் மிளகாயை அரைத்துக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வந்துவிடுவேன்.

தலையணை இருட்டில் மாறவில்லை. தெரிந்துதான் எடுத்தேன். உன் தலை எண்ணெய் வாசனை அதில் இருந்தது. இரண்டே வாரத்தில் மிளகாய் அதைத் தின்றுவிட்டது. அதற்கப்புறம் இங்கே எனக்குச் சரியான உறக்கம் இல்லை.

உன்,
மீரா சாகிப்

*

786

அச்சீன் தெரு.
6-8-1931

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. ஹமீதா அக்கா பக்கத்தில் இருந்ததால் கண்ணில் தூசி என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ஜும்ஆவுக்குப் பிறகு வேண்டாம், முன்பே வாருங்கள். கிணற்றடியில் வெந்நீரும் சீயக்காயும் வெளுத்த சட்டையும் இருக்கும். குளித்துவிட்டு இங்கிருந்து பள்ளிவாசலுக்குப் போங்கள், அக்கம்பக்கம் பார்க்கட்டும். தலையணை உறையைத் துவைத்துக்கொள்ளலாம், பஞ்சை வெயிலில் போடலாம். பூனைக்கு அடுப்படியில் இடம் கொடுத்துவிட்டேன், கமிட்டி கூட்டாமலே.

இந்த வீட்டுக்கு முனிசிபாலிட்டி நான்தான். என் உத்தரவையும் கேட்டுக்கொள்ளுங்கள். இது குடியிருப்புப் பக்கம். மிளகாய் வாசலோடு நின்றுவிட வேண்டும். ஆள் படுக்கலாம்.

உங்கள்,
ஹபீபா