தழும்பில்லாத படம்

உ
கண்டி
1934 ஐப்பசி 12

அன்பு மகன் ராஜலிங்கத்துக்கு அம்மா ஆசி கூறி எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம் என்றுதான் முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் பத்து நாளாக ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. பினாங்கிலிருந்து உன் கடிதம் வந்ததிலிருந்து இப்படித்தான். அதில் நீ, தெல்தெனியப் பெண்ணின் படத்தை மேசையில் வைத்திருக்கிறேன், மாசு மருவில்லாத முகம் என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள், தை மாதக் கலியாணத்துக்குக் கப்பல் டிக்கெட் எடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா அதைச் சத்தமாக வாசிக்க வாசிக்க நான் முற்றத்துக்கு எழுந்து போய்விட்டேன்.

மகனே, அந்த மாசு மருவில்லாத முகம் நான் செய்த வேலை. தெல்தெனிய ரத்தினம்மாவுக்கு இடது கன்னத்தில் நீளமாக ஒரு தழும்பு உண்டு, ஏழு வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டியது. பெரஹர ஊர்வலம் பார்க்கக் கண்டிக்கு வந்தவளை நான்தான் படம் எடுக்கக் கூட்டிப்போனேன். எனக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது, நீ தழும்பைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில் மறுநாள் தனியாகப் போய், அதை எடுத்துவிடும்படி படக்கடை பளீலிடம் கேட்டேன். படத்துல நான் பென்சிலால மறைச்சித் தருவேன், முகத்துல யாரும்மா மறைக்கிறது என்று அவர் கேட்டார். நான் காதில் வாங்கவில்லை.

அடுப்பில் பருப்பு பொங்கிவிட்டது, போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை மனசு கேட்காமல் அதே படத்தின் இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு தெல்தெனியவுக்குப் போனேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, இவங்க யாருங்க அத்தை, என் சேலையைக் கட்டிக்கிட்டு இருக்காங்க என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். தழும்பு கன்னத்தை இழுப்பதால் அவள் சிரிப்பு எப்போதும் ஒரு பக்கமாகத்தான் ஏறும், அதைப் பார்த்துத்தான் இவள் நம் வீட்டுக்கு வர வேண்டுமென்று ஆசைப்பட்டேன். பளீல் தழும்போடு அந்தச் சிரிப்பையும் சேர்த்து எடுத்துவிட்டிருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது, வெட்கமாகப் போய்விட்டது. அவங்களுக்கு நெசத்தை எழுதிடுங்க, அதுக்கப்புறமும் வர்றதா இருந்தா வரட்டும் என்றாள்.

நம் வீட்டுப் பின்பக்கத்துப் பலாவை நினைத்துப் பார். கோணல் மரம் என்று உன் அப்பா எத்தனை தடவை வெட்டக் கிளம்பினார், அது கோணலாகச் சாய்ந்ததால்தானே ஐந்து வயதில் நீ அதில் ஏறி உட்கார்ந்தாய், இறங்கச் சொன்னால் அழுவாய். இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதே. நீ அனுப்பிய படத்தில் உன் இடது கை கோட்டுப் பைக்குள் இருக்கிறது. அச்சுக்கூடத்தில் நசுங்கிய விரலை மறைத்திருக்கிறாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. அதையும் ரத்தினம்மாவிடம் சொல்லிவிட்டேன். மழை நாளில் அந்த விரல் வலிக்குமா என்று மட்டும் கேட்டாள்.

பளீல் கைவைக்கும் முன் போட்ட படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். டிக்கெட் எடுக்குமுன் பார். உனக்கு மனமில்லை என்றால் எழுது, தெல்தெனியவுக்கு நானே போய்த் தலைகுனிந்து சொல்கிறேன், பழி என்னோடு போகட்டும். மேசையில் இருக்கிறவளுக்காக மட்டும் கப்பல் ஏறாதே, அப்படி ஒருத்தி இந்த ஊர்ப் பக்கம் இல்லை.

வயிற்றைக் காயப்போடாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. கதிர்காமத்துக் கந்தன் உன் பக்கத்தில் நிற்பான். பதில் எப்படியிருந்தாலும், மழைக்கு விரல் வலிக்கிறதா என்பதை மறக்காமல் எழுது. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
அழகம்மா