தாவீது விழுந்தது நிஜம்

கும்மிடிப்பூண்டி
9-10-1978

அன்பு மகன் துளசிராமனுக்கு நைனா தேசப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி பச்சையம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல், கால் கையில் அடி படாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கவலை. கல்கத்தாவில் வெள்ளம், வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் என்று பேப்பரில் போட்டதிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, நீ அடித்த தந்தி வந்து அதை நான் நாலு தரம் படித்துக் காட்டிய பிறகுதான் கஞ்சி குடித்தாள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஈரத் தரையில் படுக்காதே. பச்சையம்மா திருவள்ளூருக்குப் போய் டைப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள், இரண்டு தப்புதான் விழுந்ததாம். நீ மதராஸ் ஃபுட்பால் ஆட்டம் முடிந்து மறுநாள் காலை போன ரயில் நம் ஊரில் நிற்காது என்று தெரிந்தும் உன் அம்மா ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறாள், நீ எந்தப் பெட்டியில் இருக்கிறாய் என்று தெரியாமல் எல்லாப் பெட்டிக்கும் கையை ஆட்டினாளாம். இதையெல்லாம் எழுதி விஷயத்தைத் தள்ளிப் போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி விசாரணையில் நான் உன்னைப் பற்றி ஒன்று சொல்லியிருக்கிறேன், அதை டைப் அடித்து என் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். எங்கள் கம்பெனிக்குக் கல்கத்தாவில் ஆபீஸ் இருக்கிறது, அந்த வழியாக அது உன் காதுக்கு வருவதற்கு முன்னால் என் கையால் எழுதி உனக்குத் தெரிய வேண்டும்.

மதராஸ் ஆட்டத்துக்கு எங்கள் ஷிப்டிலிருந்து பத்தொன்பது பேர் வந்தோம். சூப்பர்வைசர் மணவாளனும் வந்திருந்தார், அவர் நாற்காலி டிக்கெட், நாங்கள் கேலரி. ஆட்டம் முடிந்து உன்னைப் பார்க்க வாசலில் நின்றேன், உங்கள் கிளப் ஆட்கள் விடவில்லை, நீயும் பஸ்ஸிலிருந்து கையை மட்டும் காட்டினாய், அதனால் அன்று சொல்ல நினைத்ததை இப்போது சொல்கிறேன். முதல் ஒரு மணி நேரம் உங்கள் ஆட்கள் பந்தை விடவே இல்லை. பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டுவது, அவன் திரும்பக் கொடுப்பது, முன்னால் வழி இல்லை என்றால் கூச்சப்படாமல் பின்னாலேயே கொடுப்பது. கேலரிக்காரனுக்குப் பொறுமை ஏது, இன்னாய்யா இது, ஊட்ல பொம்பளைங்க பல்லாங்குழி ஆட்ற மாதிரி ஆட்றானுங்க, தூக்கி அடிங்கடா கோலுக்கு என்று கத்தினார்கள். நம் தாவீதுதான் அவர்களை அடக்கினான். மில் டீமுக்கு எட்டு வருஷம் பேக் நின்று, வருகிறவனைத் தடுத்து ஆடியவன் இல்லையா. கம்முனு பாருங்கய்யா, பந்து இவனுங்ககிட்ட கீது, ஓடிக்கினு இருக்கறது அவனுங்க, இன்னும் அரை மணியில நாக்கு தள்ளிப்புடும் பாரு என்றான். அப்படியேதான் ஆயிற்று. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க மார் விம்மியது, பொய் சொல்லவில்லை. நான் ஊத்துக்கோட்டைப் பக்கம் யாருடைய நிலத்திலோ நாற்று நட்டவன், இங்கே யாருடைய இரும்பையோ இடுக்கியால் பிடிக்கிறவன். ஒரு பொருளை ஒரு மணி நேரம் கையைவிட்டுப் போகாமல் வைத்திருந்து, பிடுங்க வந்தவனை ஓட விட்டது நம் குடும்பத்தில் நீ ஒருவன்தான்.

அப்புறம் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது பந்து உன் காலில் இருந்தது. வலது பக்கம் உங்கள் ஆள் ஒருவன் தனியாக நின்று கையைத் தூக்கிக் கேட்டான். எதிர் டீம் பேக் உனக்கு ஒரு கஜம் தள்ளி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். நீ பந்தை விட்டுவிட்டு விழுந்தாய். முழங்காலைக் கட்டிக்கொண்டு மூன்று தரம் உருண்டாய். ரெஃப்ரி ஊதினார், பெனால்டி, ஜெயித்தீர்கள். அந்த பேக் ரெஃப்ரி முன்னால் கை கூப்பி நின்றதை நீ பார்த்திருக்க மாட்டாய், உன் முகம் தரையில் இருந்தது. எல்லாரும் செய்கிறதுதான் என்பாய், கிளப்பில் அதற்கும் முதுகில் தட்டிக் கொடுப்பார்கள். ஒரு மணி நேரம் பந்தை நம்பி ஆடியவனுக்குக் கடைசியில் விசில்காரன் தயவு எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. விசில் வைத்திருப்பவன் தயவில் பிழைக்கிற பிழைப்பு எனக்குத் தெரியும், தினம் ஷிப்டுக்குப் போய் அதைத்தான் செய்கிறேன். இன்றைக்கு உனக்கு ஊதுகிறவன் நாளைக்கு எவனுக்கு ஊதுவான் என்று அவனுக்கே தெரியாது.

ஆனால் அன்றைக்கு நானும் எழுந்து நின்று கை தட்டியவன்தான், அதை மறைக்கவில்லை. திங்கட்கிழமை காண்டீனில் டீ குடிக்கும்போது இதே பேச்சு. இன்னா தேசப்பா, உன் புள்ளைக்குக் கல்கத்தாவுல ஆடுறதுக்கு சம்பளமா, கீழ உழுறதுக்கு சம்பளமா என்று ஒருவன் கேட்டான். ரெண்டுக்கும் சேர்த்துதான், உழுந்தா ஓவர்டைம் என்றேன். தாவீது டம்ளரை வைத்துவிட்டு, இருங்கடா நான் காட்றேன் என்று நாலு அடி ஓடி, காற்றில் தடுக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு பெஞ்சுக்கடியில் உருண்டான். அய்யோ எம்மா என் காலு போச்சே, ஊதுங்க சார் ஊதுங்க சார் என்று அவன் கத்த, டீ மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரித்தோம். இன்னொரு தரம் என்றோம், இன்னொரு தரம் விழுந்தான். நான் ரெஃப்ரி மாதிரி விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். மணவாளன் வாசலில் நின்று பார்த்து அவரும் சிரித்தார்.

புதன்கிழமை காலை ஷிப்டில் தாவீது விழுந்தான். கம்பியை நசுக்கி நீட்டும் ரோலுக்குக் கீழே சூடு ஆற்றும் தண்ணீர்க் கால்வாய் ஓடுகிறது, அதன்மேல் இரும்புத் தகடு போட்டு மூடியிருக்கும், அந்தத் தகட்டின்மேல் நின்றுதான் பழுத்த கம்பியைப் பிடிப்போம். கால்வாயைச் சுத்தம் செய்யத் தகட்டை எடுத்தவர்கள் திரும்பப் போடவில்லை, டைம் ஆச்சு ஓட்டு ஓட்டு என்று மணவாளன் மெஷினை ஓட்டச் சொல்லிவிட்டார். அந்தத் தகடு சரியாக உட்காரவில்லை, யாராவது விழுவார்கள் என்று ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுத்தவனே தாவீதுதான், அதையும் மனதில் வை. இடுக்கியோடு பின்னால் ஓர் அடி வைத்தான், கால் அந்தச் சந்தில் இறங்கி முறுக்கிக்கொண்டது, கம்பி மேலே வந்துவிடுமே என்று உதறிப் பிடுங்கிக்கொண்டு இந்தப் பக்கம் விழுந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உருண்டான். நாங்கள் நின்ற இடத்திலிருந்து சந்து தெரியாது, உருண்டது மட்டும்தான் தெரியும். அய்யோ என் காலு என்றான். துளசி, நாங்கள் சிரித்தோம். ஒருவன் பெனால்டி என்று கத்தினான். நான் விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். அவன் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் ஓடினேன். அதற்குள் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்றால், ஒரு கம்பி ரோலுக்குள் நுழைந்து முழுசாக அந்தப் பக்கம் வெளியே வருகிற நேரம். கிட்டே போனதும் சந்து திறந்து கிடந்ததையும் தகடு தூணில் சாய்த்திருந்ததையும் என் கண்ணால் பார்த்தேன். அவனைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் போய்த் திரும்பி வருவதற்குள் தகடு அதன் இடத்தில் இருந்தது.

கம்பெனி டாக்டர் எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறியவில்லை என்று எழுதிவிட்டார். முழங்காலுக்குள் நார் அறுந்தால் படத்தில் தெரியாது என்று பந்து ஆடுகிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை ஊன்றினால் மடங்கிப்போய் விழுகிறான். எலும்பு நன்றாக இருக்கிறது, ஆகவே நடிப்பு என்று சஸ்பெண்ட் செய்து, வேலையை ஏய்க்க அடிபட்டதாகப் பாசாங்கு செய்தான் என்று சார்ஜ் ஷீட் கொடுத்தார்கள். தகட்டைப் பற்றி எழுதிக் கொடுத்தவனை வெளியே தள்ள அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும், அந்தச் சாக்கை நாங்கள் காண்டீனில் டீ குடித்துக்கொண்டே செய்து கொடுத்துவிட்டோம்.

போன மாதம் முப்பதாம் தேதி விசாரணை. விசாரிக்கிற வக்கீலையும் கம்பெனியே மதராஸிலிருந்து காரில் கொண்டுவந்தது. அன்று பக்கத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் வேலை நிரந்தரமில்லாத பதிலி ஆட்கள், வாயைத் திறந்தால் மறுநாள் கேட்டுக்குள் விடமாட்டார்கள், நாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்று ஒதுங்கிவிட்டார்கள், அவர்களை நான் திட்ட மாட்டேன். மற்றவர்களும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், அவர்களைத் திட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை. தகடு திறந்திருந்தது என்று சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம். மணவாளன் முதலில் பேசினார், சார் தகடு மூடித்தான் இருந்துச்சு, இதே ஆளு திங்கக்கிழமை காண்டீன்ல இதே காலைப் புடிச்சிக்கினு உழுந்து காட்டுனான், மொத்தப் பேரும் கை தட்டுனாங்க என்றார். வக்கீல் என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார். தாவீது விழுந்ததும் நீங்கள் முதலில் என்ன செய்தீர்கள் என்றார். சிரித்தேன், விசில் அடித்தேன் என்றேன். ஏன் என்றார். என் மகன் விழுந்த மாதிரியே இருந்தது என்றேன். உங்கள் மகன் விழுந்தது எப்படி, யாராவது தட்டினார்களா என்றார். டைப் அடிக்கிறவன் கையை மெஷின்மேல் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தான். தட்டினார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பத்தொன்பது பேரும் மணவாளனும் பார்த்ததை நான் இல்லை என்றால், யாரும் பார்க்காத தகட்டை எவன் நம்புவான். யாரும் தொடவில்லை சார், என் மகன் நடித்தான், தாவீது நடிக்கவில்லை, தகடு தூணில் சாய்ந்திருந்தது என்றேன். எல்லாம் டைப் ஆயிற்று. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நண்பருக்காகப் பெற்ற மகனையே ஏமாற்றுக்காரன் என்கிறவர், நண்பருக்காக வேறு என்னதான் சொல்ல மாட்டார் என்றார். அதுவும் டைப் ஆயிற்று. உண்மையைச் சொன்னால் அதையே திருப்பிக் குத்த ஒரு படிப்பு இருக்கிறது துளசி, அதைப் படித்தவர்களைத்தான் நம்மை விசாரிக்க அனுப்புகிறார்கள்.

முந்தாநாள் சனிக்கிழமை தாவீதை வேலையிலிருந்து நீக்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். யூனியன் லேபர் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறது, அங்கேயும் நான்தான் சாட்சி, அங்கேயும் இதே கேள்வியைக் கேட்பார்கள், அங்கேயும் இதையேதான் சொல்வேன். அவன் பெண்சாதி ரோசம்மாள் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள், நீயுமா அண்ணே சிரிச்ச என்றாள். உன் அம்மாவோ பெத்த புள்ளைய டைப் அடிச்சிக் குடுத்துட்டு வந்து நிக்கிறான் மனுசன் என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தாவீது மட்டும், புள்ளைக்கு எழுதாத தேசப்பா, பேஜாரா பூடுவான், காலு தடுமாறும் என்கிறான். அவன் சொல்வதைக் கேட்கலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஆனால் மணவாளன் அந்த டைப் அடித்த தாளைக் கல்கத்தா ஆபீசுக்கு அனுப்பியாச்சு, அங்கே பேப்பரில் வரும் என்று ஷிப்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். வந்தால் உன் கிளப்பில் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அடுத்த வருஷத்துக்கு உன்னை வைத்துக்கொள்வதா என்று அவர்கள் பேசுகிற மாதம் இது என்று எனக்குத் தெரியும். என் நைனாவுக்கு ஆட்டம் தெரியாது, அந்த பேக் தட்டினான் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்வார்கள்.

அதை மட்டும் செய்யாதே. நீ தட்டினான் என்று எழுதினால் நான் பொய் சாட்சி ஆகிவிடுவேன். நான் பொய் என்றால் அந்தத் தகடு மூடியே இருந்ததாக ஆகிவிடும், தாவீது விழவே இல்லை என்று ஆகிவிடும். நீ நடித்தாய் என்று எங்கேயும் போய்ச் சொல்ல வேண்டாம், அது உன் இஷ்டம், கேட்டால் வாயை மூடிக்கொண்டு இருந்தாலும் போதும். இதனால் கிளப் உன்னை வேண்டாம் என்றாலும் சரி என்றுதான் எழுதுகிறேன், தெரியாமல் எழுதவில்லை. உன்னை அவ்வளவு தூரம் அனுப்பிய நானே உன் பிழைப்பில் கை வைக்கிறேன் என்று நீ கோபப்பட்டால் கோபப்படு. கோபத்தோடாவது ஒரு பதில் போடு.

உனக்கு ஒரு குறையும் வராமல் அங்காளம்மன் காப்பாற்றட்டும், உன் கால் இரண்டும் நன்றாக இருக்கட்டும். அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், பச்சையம்மா உன்னை விசாரித்தாள். தலைக்கு எண்ணெய் வை, சாப்பிடாமல் ஆட இறங்காதே. பொங்கலுக்கு லீவு கொடுத்தால் வா, கொடுக்காமல் நிறுத்திவிட்டாலும் இங்கேதான் வா. ஸ்டேஷனில் இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே, முதலில் தாவீது வீட்டுக்குப் போ. குரல் கொடுத்தால் உள்ளே வா என்பான், அவனால் எழுந்து வந்து திறக்க முடியாது, கதவைத் தள்ளிக்கொண்டு நீயே உள்ளே போ.

இப்படிக்கு
உன் நைனா
கு. தேசப்பன்