ஏரியைத் தாண்டியதற்கு என்ன ஆதாரம்

என் தங்கத்துக்கு, அம்மா எழுதுவது. இங்கே எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசும் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குளுகுளுவென்று இருக்கிறது, ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் கல் அறுக்கும் மெஷின் பக்கத்தில் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்காதே. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, பிளம்பர் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று போக்குக் காட்டுகிறான்.

போன மாதம் உன் சித்தப்பா புது வீட்டில் விருந்து வைத்தாரே, அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் ஃபோனிலேயே அழுதுவிடுவேன் என்று விட்டுவிட்டேன். அப்பா பக்கத்தில் இருந்தவரிடம், என் பொண்ணு நிலாவுலேருந்து கொண்டுவந்த கல்லை மெல்லிசா சீவி ஆராய்ச்சி பண்றா என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உடனே சித்தப்பா ஊருக்கே கேட்கிற மாதிரி, எவண்ணே நிலாவுக்குப் போனான், கொட்டகைக்குள்ள மணலைக் கொட்டிப் படம் எடுத்தான், காத்தே இல்லாத இடத்துல கொடி எப்படி நிக்கும், போனவன் ஏன் திரும்பப் போகலை, உங்க பொண்ணு அறுக்கிறது ரோட்டுக்கல்லு, சம்பளம் வருதேன்னு வாயை மூடிட்டு அறுக்கிறா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அதற்கப்புறம் முடிவெட்டுகிறவர் உன்னைப் பற்றி விசாரித்தாலும், ஏதோ கம்பெனி வேலை என்று பேச்சை மாற்றிவிடுகிறார். பெற்ற வயிறு எரிந்தது எனக்கு. இருடா, வசமா மாட்டுவே என்று காத்திருந்தேன்.

போன ஞாயிறு அவருடைய டிவிக் கடைக்கு ஆண்டு விழா, அதே கூட்டம். கல்லாவுக்கு மேலே அந்தப் போட்டோ மாட்டியிருக்கிறது இல்லையா, வாலிபத்தில் ஏரியைத் தனியாக நீந்தித் தாண்டி, அக்கரையில் கம்பு நட்டுச் சட்டையைக் கட்டிவிட்டுச் சொட்டச் சொட்ட நிற்பாரே, அந்தக் கதையைப் புதிதாக வந்தவரிடம் ஆரம்பித்தார். அன்னைக்கு இலைகூட ஆடலை என்று வேறு சொன்னார். நான் தேன் ஒழுகக் கேட்டேன், இலையே ஆடலைன்னா சட்டை மட்டும் எப்படித் தம்பி விரிஞ்சு நிக்குது, தனியாத்தானே போனீங்க, கேமரா பிடிச்சது யாரு, தாண்டினவர் அப்புறம் ஏன் ஒரு தடவைகூடத் தாண்டலை, கொல்லைக் குட்டையில நின்னு எடுத்திருக்கலாமே என்று. அன்றைக்குச் சிரித்த அதே வாய்கள் சிரித்தன, உன் சித்தியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டூடியோக்காரர் எடுத்தார் என்றார், அவர்தான் செத்துப்போயாச்சே என்றார்கள். கடைசியில் என்னைப் பார்த்து, அண்ணி, நீங்க அக்கரையில துண்டோட நின்னீங்களே, நீங்களாவது சொல்லுங்க என்று கெஞ்சினார்.

ஆமாம், நின்றேன். கல்யாணமான புதிது, அப்பா வேலைக்குப் போயிருந்தார், நானும் ஸ்டூடியோக்காரரும் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனோம். உதடு நீலம் பாரித்து வெடவெடவென்று வந்தவரை நான்தான் துவட்டிவிட்டேன். ஆனால் எல்லோர் முன்னாலும், எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே தம்பி என்று சொல்லிவிட்டேன். அவர் கண் கலங்கியது. கலங்கட்டும். மறுநாள் போட்டோவைக் கழற்றிவிட்டாராம், சுவரில் ஆணி மட்டும் இருக்கிறதாம்.

அப்பாவுக்கு மனசு குளிர்ந்துபோகும் என்று நினைத்தேன். விழா முடிந்து வரும் வழியில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, ஏன்டி, நம்ம பொண்ணு அறுக்கிறது நிஜமாவே நிலாக்கல்லுதானே என்று மெதுவாகக் கேட்டார். உன்னைப் பெற்றவர் கேட்டார். உன் சித்தப்பா சிரிக்க வைத்ததைக்கூட மன்னித்திருப்பேன், அப்பாவையே சந்தேகப்பட வைத்த இதை மன்னிக்க மாட்டேன். ஆகவே நீ அந்தக் கல்லில் உன் கண்ணால் பார்த்ததை எல்லாம் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி உன் கைப்பட எழுது. சித்தப்பா தினமும் எனக்கு ஃபோன் பண்ணுகிறார், உனக்கும் பண்ணுவார், இளகிவிடாதே. அன்றைக்குச் சிரித்தவர்களைக் கூட்டிவைத்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என் ஞாபகசக்தியை.

தலை நிமிர்ந்து நடந்து, நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இரு. முடியைக் கட்டிக்கொள்ள மறக்காதே.

இப்படிக்கு,
அன்றைக்கு ஏரிக்கரைக்கே போகாத உன் அம்மா