ரோஜாப் பாத்தி மேல் ஒரு சாய்தளம்

ஆகஸ்ட் 14, செவ்வாய்
பிள்ளைகளை இறக்கி, நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்தால், சர்ச் கதவில் கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் நோட்டீஸ். எங்கள் சர்ச் கூடத்து வாக்குச்சாவடியை மூடப் போகிறார்களாம். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லையாம். இனி பதினெட்டு மைல் தள்ளி, வெள்ளைக்காரர்கள் பக்கம் போய் ஓட்டுப் போடணும். இங்கே பாதிப் பேருக்குக் காரே கிடையாது.

முன்பென்றால் இதற்கு வாஷிங்டனில் அனுமதி வாங்க வேண்டும்; எங்களைப் போன்ற கறுப்பர்களுக்குப் பாதகம் என்றால் கிடைக்காது. ஐந்து வருஷத்துக்கு முன் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குரிமைச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டது. இப்போது ஒரு நோட்டீஸ் போதும்.

ஒடெல்லா அக்காவை இருபது வருஷமாக நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் படியேற்றுகிறோம். அப்போதெல்லாம் எங்கே போனது இந்த அக்கறை? ஆனால் நாங்கள் மட்டும் கட்டினோமா? உறுத்துகிறது.

ஆகஸ்ட் 25, சனி
எங்கள் ஊர்த் தச்சர் கிளியோபஸ் அண்ணன் ஒரே நாளில் சாய்தளம் கட்டிவிட்டார். சர்ச்சுக்குப் பின்னால் மீன் வறுவல், பாட்டு, கூத்து. அக்கா பாதி ஏறினார். பலகை அத்தனை செங்குத்து, நாற்காலி பின்னால் உருண்டது. இரண்டு பேர் ஓடிப் பிடித்தார்கள்.

"ஏன்டா, லாரியில பன்னி ஏத்துற பலகையா இது? என்னைப் பாத்தா எப்படிடா தெரியுது உனக்கு?"

அண்ணன் ஆயுசுக்கும் கட்டியது பன்றிப் பண்ணைகளுக்குத்தான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி.

ஆகஸ்ட் 27, திங்கள்
ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம், அதுதான் விதியாம். எங்கள் மூன்று படி இருபத்தோரு அங்குலம், அதற்கு இருபத்தோரு அடி. நேராக, சர்ச் வாசலில் நான் வளர்க்கும் ரோஜாப் பாத்தி மேல்.

"ரோஜாவுக்கு ஓட்டு இல்ல, தங்கச்சி" என்கிறார் அண்ணன். ஒன்பது வருஷப் பாத்தி! அவரோடு பேச்சில்லை.

ஆகஸ்ட் 28
நானே தோண்டி எடுத்தேன். பதினோரு செடி, பதினோரு பெயின்ட் டப்பா. கொஞ்சம் அழுதேன்.

செப்டம்பர் 3, திங்கள்
விடுமுறை. இருபத்தோரு அடி முடிந்தது. அக்கா வழுக்காமல் ஏறினார், இறங்கினார். அண்ணனோடு பேசிவிட்டேன்.

செப்டம்பர் 6, வியாழன்
கவுண்டி அலுவலகத்தில் விசாரணை. உட்கார இடமில்லை, வராந்தா வரை நம் ஆட்கள். மூன்று பேர் குழு. நாங்கள் கட்டிவிட்டோம் என்று சொல்லியும் நடுவில் இருந்தவர் சாய்தளம் பற்றியே பேசினார். அக்கா கை தூக்கினார்.

"ஐயா, எங்களை அனுப்புற அந்த மண்டபத்துல எத்தனை படி?"

அவர் காகிதத்தைப் புரட்டினார். பின்வரிசையிலிருந்து அண்ணன்: "ஆறு. நேத்து போய் அளந்துட்டு வந்தேன். சாய்தளம் இல்ல."

சபையே சிரித்தது. குழுவில் இரண்டுக்கு ஒன்று என்று வாக்கு, சாவடியை மூடவில்லை. வீடு வரை பேருந்தில் பாட்டு. அடுத்த வருஷம் வேறு காரணம் கொண்டுவருவார்கள், தெரியும். வரட்டும். இன்றைக்குப் பாடினோம்.

நவம்பர் 6, செவ்வாய்
காலை ஏழு மணிக்கே சாலை வரை வரிசை. சாய்தளத்தின் இருபக்கமும் என் ரோஜா டப்பாக்கள். ஒடெல்லா அக்காதான் முதல் ஓட்டு. கீழே வந்தவர் நாற்காலியைத் திருப்பி மறுபடி ஏறினார்.

"எதையாச்சும் மறந்துட்டீங்களாக்கா?"

"இல்லம்மா. சும்மாதான். யாரும் தூக்காம போய்ப் பாக்குறேன்."

மூன்று தடவை போனார். வரிசை வழிவிட்டு நின்றது.