பன்னிரண்டு ஹெக்டேரும் உன் புதுப் பாஸ்போர்ட்டும்

அக்டோபர் 14, 1995

டொரொண்டோவில் இருக்கும் மகன் ரிம்விதஸுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையொன்றுமில்லை. நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மரியன்னை துணையிருக்கட்டும்.

உன் கடிதமும் புகைப்படமும் வந்தன. கனடாக் குடிமகனாகச் சத்தியம் செய்துவிட்டு, கையில் சின்னக் கொடியோடு சிரிக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே குடிமகனானால் இங்கே குடியுரிமை போய்விடும் என்பது உனக்குத் தெரியும். லித்துவேனியாவில் விவசாய நிலம் லித்துவேனியக் குடிமக்களுக்கு மட்டுமே என்று அரசியல் சாசனம் சொல்வதும் தெரியும். தெரிந்துகொண்டே, தாத்தாவின் பன்னிரண்டு ஹெக்டேர் நிலத்தை என் பேருக்கு எழுதுங்கள் என்று கேட்கிறாய். கேட்டாயே என்று நோட்டரியிடம் போனேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டீச்சர், உங்க பிள்ளை இப்ப வெளிநாட்டுக்காரர். சட்டத்தை நானா எழுதினேன்? ஓட்டுப் போட்டது நீங்கதானே!" என்றாள். போட்டேன்தான். மூன்று வருடங்களுக்கு முன், அந்தச் சாசனத்துக்கு வாக்கெடுப்பு நடந்தபோது, மண்ணை வெளியாருக்கு விட்டுவிடாதீர்கள் என்று இந்தத் தெருவில் ஒவ்வொரு கதவையும் தட்டினேன். ஜெர்மன்காரனும் மாஸ்கோக்காரனும் வந்து வாங்குவான் என்று பயந்தேன். என் வயிற்றில் பிறந்தவனும் அந்த வரிசையில் நிற்பான் என்று நினைக்கவில்லை.

உன் அத்தை மகன் பேரில் பினாமியாக எழுதி வைக்கலாம் என்கிறாயே, அது உனக்கே அசிங்கமாக இல்லையா? கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான், பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன். உழுது பயிரிட ஆளில்லாமல் அந்த நிலம் இரண்டு வருடமாகக் களை மண்டிக் கிடக்கிறது. கேட்டு வந்தவன் ஒருவன்தான், பொவிலஸ். நாற்பத்தொன்பதில் சோவியத்காரர்கள் எங்களைச் சைபீரியாவுக்கு ஏற்றி அனுப்பப் பட்டியல் எழுதிக் கொடுத்தானே ஒருவன், அவனுடைய மகன். சமையலறையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "டீச்சர், எங்கப்பா செஞ்சதுக்கு நான் என்ன செய்யட்டும்? என்கிட்ட டிராக்டர் இருக்கு, பாஸ்போர்ட்டும் நம்ம நாட்டோடதுதான்" என்றான். சாசனம் பாஸ்போர்ட்டைத்தான் கேட்கிறது, அப்பன் யார் என்று கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமை அவன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் கோட்டைக் கூடக் கழற்றாமல் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகளுக்கு நம் மொழியில் ஜெபம் சொல்லிக்கொடு, அதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. கர்த்தர் உன்னைக் காப்பாராக. தாத்தாவின் நிலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால் கூட்டி வா. உள்ளே இறங்குவதற்கு முன் பொவிலஸிடம் அனுமதி கேள்.

உன் அம்மா,
ஸ்டெஃபானியா