நாற்பத்தொன்றாம் ஆணி

மாமா,

இன்று காலை தவளக்குப்பம் கடையில் கம்பியை எடை போடக் குனிந்தபோது, என் சட்டைப்பையிலிருந்து உங்கள் டோக்கன் கீழே விழுந்தது. மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை, நடுவில் 41 என்ற எண், மேலே ஓர் ஓட்டை. வீடு கட்டுவதற்குக் கம்பி வாங்க வந்த ஒருவர் அதைப் பொறுக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார் இது, மாட்டுக் காதுல போடற வில்லையா?" என்றார். ஆமாம் என்றேன். "மாடு எங்க?" என்று சிரித்தார். செத்துப்போச்சு என்று சொல்லி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பார்த்தீர்களா, ஐந்து வருஷம் ஆகியும் இந்த வாய்க்கொழுப்பு அடங்கவில்லை. உங்களை மாடாக்கிவிட்டேன். திட்டுங்கள், உங்களிடம் திட்டு வாங்கி ரொம்ப நாளாகிறது.

உங்கள் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. டிவியில் காட்டினார்கள். பூ தூவி, கொடி அசைத்து, பெட்டிக்குள்ளே ஆளாளுக்கு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மலைகளுக்கு நடுவே பாலத்தில் அது பறந்து வந்து, அடுத்த மலைக்குள் சொய்யென்று நுழைந்ததைப் பார்த்துக் கடையில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "மனுசன் இன்னாமா வேல செய்றான்பா!" என்றார் முதலாளி. நான் அந்த மலைக்குள் கம்பி கட்டியவன் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. சொன்னால் அடுத்த கேள்வி உங்களைப் பற்றி வரும்.

பாகூர் பக்கத்திலிருந்தும் வில்லியனூர் பக்கத்திலிருந்தும் அந்த மலைச் சுரங்க வேலைக்கு நாம் ஏழு பேர் போனோம், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குளிரில் முதல் நாள் நான் பல்லைக் கிட்டித்துக்கொண்டு நின்றதை அக்காவுக்கு ஃபோன் போட்டு, "உன் தம்பி ஐஸ்கட்டியாயிட்டான், வந்து ஒடச்சி எட்த்தும் போ" என்றீர்கள். அக்காவின் புருஷன் கேலி செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? நானும் விட்டதில்லை. நம் இருவருக்கும் கல்யாணப் பந்தலில் ஆரம்பித்த சண்டை அது. உங்கள் செருப்பை நான் ஒளித்து வைத்தேன், அதற்குப் பதில் என் பாயசத்தில் உப்பைக் கொட்டினீர்கள். மலை ஏறியும் அது நிற்கவில்லை.

சுரங்க வாயிலில் இருந்த அந்தப் பலகை இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஆளுக்கு ஓர் எண், எண்ணுக்கு ஓர் ஆணி. உள்ளே போகும்போது அவனவன் வில்லையை அவனவன் ஆணியில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் கழற்றிக்கொள்ள வேண்டும். வில்லை தொங்கினால் ஆள் மலைக்குள் இருக்கிறான். ஆணி காலி என்றால் ஆள் வெளியே வந்துவிட்டான். ஒரு குழந்தைக்கும் புரிகிற சட்டம்தான். நம் ஆட்கள் அதிலும் குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் பலகை முன்னால் கூட்டம் நெரியும். பஸ்ஸில் இடம் போய்விடும். கேம்ப்பில் முதல் பஸ்ஸுக்கு மட்டும்தான் சுடுதண்ணீர் மிச்சம் இருக்கும். அதனால் யார் முதலில் வெளியே வருகிறானோ அவன் மற்றவர்கள் வில்லைகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்துவிடுவான்.

நீங்கள் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. "என்னுத எவனும் தொடாதீங்கடா. அது ஆணில தொங்குற வரைக்குந்தான் என்ன தேடுவானுங்க" என்பீர்கள். நாங்கள் உங்களைக் கலெக்டர் என்று கூப்பிட்டுச் சிரிப்போம். ஒருநாள் அக்கா ஃபோனில் அழுதபோதும் இதையேதான் சொன்னீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. "பயப்படாதடி. நாப்பத்தொண்ணு தொங்கினா என்ன வெளிய கொணாராம வுட மாட்டாங்க."

"யாராவது எட்த்துட்டா?" என்று கேட்டாள் அக்கா.

"யார் எட்த்துடுவா? உன் தம்பிதான் கூடவே கீறானே" என்றீர்கள்.

அந்தக் கடைசி வாரத்தில் என் கம்பளித் தொப்பியை ஒளித்து வைத்தீர்கள். மூன்று நாள் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். "புள்ள பெத்தவ மாரி வர்றான் பாரு, யாராவது பூண்டுக் குழம்பு வச்சிக் குடுங்கடா" என்று சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துச் சொல்லி எல்லோரையும் சிரிக்க விட்டீர்கள். எனக்கு உள்ளே பொங்கியது. இருடா மவனே, உனக்கு வைக்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. பாதி வழி வந்தபின் உங்கள் கம்பி கட்டும் கொக்கியை உள்ளேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்து திரும்பினீர்கள். அடுத்த ஷிஃப்ட்காரன் எடுத்துவிடுவான் என்று பயம் உங்களுக்கு. "நீ போ மச்சான், வந்துடறேன்" என்றீர்கள். நான் வாயிலுக்கு வந்து, மற்றவர்கள் வில்லைகளை அள்ளினேன். நாற்பத்தொன்று தனியாகத் தொங்கியது. தொப்பி ஞாபகம் வந்தது. கலெக்டர் வெளியே வந்து வில்லையைக் காணாமல் பலகை முன்னால் தையா தக்கா என்று குதிப்பதை நினைத்துச் சிரிப்பு வந்தது. அதையும் கழற்றி என் பேண்ட் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நான் வேறொன்றும் செய்யவில்லை மாமா. நீங்கள் என் தொப்பியை எடுத்தீர்கள், நான் உங்கள் வில்லையை எடுத்தேன்.

பஸ் நகர்ந்து பத்து நிமிஷத்துக்குள் உள்ளே கூரை சரிந்திருக்கிறது. சங்கு ஊதியது கேம்ப் வரைக்கும் கேட்டது, தினம் வெடி வைக்கும்போது ஊதுகிற சங்குதான் என்று நினைத்துக்கொண்டேன். சேஃப்டி ஆள் பலகையைப் பார்த்திருக்கிறான். அடுத்த ஷிஃப்ட் இன்னும் உள்ளே போகவில்லை, எல்லா ஆணியும் காலி. ஒருவரும் உள்ளே இல்லை, பாறை அடங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அதில் அவர்கள் தப்பு என்ன இருக்கிறது? நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். சுடுதண்ணீர் நிறைய இருந்தது. இரண்டாவது வாளி ஊற்றிக்கொண்டு பாட்டுக்கூடப் பாடினேன்.

இரண்டாவது பஸ்ஸில் நீங்கள் வரவில்லை. ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு சுரங்க வாயிலுக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஆள் உள்ளே, ஆள் உள்ளே என்று கத்தினேன். சேஃப்டி ஆள் என் தோளைப் பிடித்துப் பலகை முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, நாற்பத்தொன்றாம் ஆணியைக் காட்டினான். டோக்கன் இல்லையே, எங்கேயாவது டீ குடிக்கப் போயிருப்பான் என்றான்.

அப்போது என் கை பேண்ட் பைக்குள்தான் இருந்தது. விரலில் வில்லையின் ஓட்டை தட்டுப்படுகிறது. எடுத்து நீட்ட ஒரு நொடி போதும். நீட்டவில்லை. அடிப்பார்களோ, போலீஸில் கொடுப்பார்களோ, அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன் என்றெல்லாம் யோசித்தேனே தவிர, உள்ளே நீங்கள் என்ன நிலைமையில் இருப்பீர்கள் என்று யோசிக்கவில்லை. வாயால் மட்டும் கத்தினேன். நம் ஆட்கள் ஐந்து பேரும் வந்து ரோட்டில் உட்கார்ந்து கலாட்டா செய்த பிறகுதான் உள்ளே ஆள் அனுப்பினார்கள். அதற்குள் இன்னும் ஒரு மணி நேரம் போய்விட்டது.

கல்லை விலக்கி உங்களிடம் போய்ச் சேரும்போது இரவு ஏழு மணி. இடுப்புக்குக் கீழே பாறை. கை இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. கொக்கி கையில் இருந்தது. பக்கத்தில் போன காற்றுக் குழாயில் கொக்கியால் அடித்து அடித்து, எட்டிய தூரம் மட்டும் பெயின்ட் உதிர்ந்து இரும்பு தெரிந்தது. உடம்பு இன்னும் சூடாக இருந்தது. நாலு மணி நேரமாவது உயிரோடு இருந்திருப்பார் என்றார் கேம்ப் டாக்டர். அப்போதும் வில்லை என் பையில்தான் இருந்தது.

கம்பெனி கொடுத்த காகிதத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? டோக்கனைக் கழற்றிய பிறகு விதியை மீறி மீண்டும் உள்ளே சென்றதால் மரணம். வேறு யாரையாவது பற்றி எழுதியிருந்தால்கூடப் பொறுக்கலாம். உங்களைப் பற்றி எழுதினார்கள். அதை நான்தான் தமிழில் அக்காவுக்குப் படித்துச் சொன்னேன். திருக்கனூர் வீட்டில் சாவுக்கு வந்த உங்கள் பெரியப்பா மகன், "டோக்கன கழட்டிட்டுத் திரும்ப இன்னாத்துக்கு உள்ள போனாரு? நம்மாளுக்கு எப்பவுமே அலட்சியம்" என்று பந்தலில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கப் பேசினார். "அவரு அப்பிடிப் போற ஆளு கெடயாது" என்று அக்கா ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரே நொடியில் உயிர் போய்விட்டது, அவருக்கே தெரிந்திருக்காது என்று அவளிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். ஒரு பொய்க்கு இரண்டு பொய்.

காரியம் முடியும்வரை பதினாறு நாள் அங்கேதான் இருந்தேன். என் துணிகளை அக்காதான் துவைத்தாள். அவள் அரியூர் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள் அல்லவா, அழுகையோடு அழுகையாகக் கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. மடித்து வைத்த பேண்டை எடுத்துப் பார்த்தேன், பைக்குள் வில்லை அப்படியே இருந்தது. நல்லவேளை, அவள் கவனிக்கவில்லை, தண்ணீரில் முக்கியும் எண் அழியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் பாருங்கள்.

ரயில் ஓட ஆரம்பித்த செய்தி வந்ததும் அக்கா ஃபோன் செய்தாள். "அதுல என்ன ஒருவாட்டி இட்டும் போடா. அவரு போன எடத்த நான் பாக்கணும்." மறுக்க என்ன காரணம் சொல்வது? கூட்டிக்கொண்டு போனேன். சென்னை போய், டெல்லி போய், மலையடிவாரம் போய்ச் சேருவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. அவள் உங்கள் பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் வில்லையைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். சுரங்கத்துக்குள் போகும்போது ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிடலாம், உங்கள் பொருள் உங்களிடம் சேர்ந்துவிடும், எனக்கும் விட்டது சனியன் என்று திட்டம். அந்த ரயிலில் ஜன்னல் திறக்காது மாமா! எல்லாம் ஒட்டிய கண்ணாடி. கதவும் தானாகத்தான் திறக்கும், தானாகத்தான் மூடும். கக்கூஸில் போடலாமா என்றுகூட யோசித்தேன், தூ, என் புத்தி அப்படிப் போனது. அதுவும் தொட்டிக்குள்தான் விழுமாம்.

சுரங்கம் வந்தது. வாயிலிலிருந்து எண்ணூறு மீட்டரில் நீங்கள் கிடந்தீர்கள். சேற்றிலும் கல்லிலும் நாம் நடந்து போனால் கால் கடுக்கும் தூரம். "எந்த எடம்?" என்று கேட்டாள். இதோ என்று நான் வாயெடுப்பதற்குள் தாண்டிவிட்டது. யாரோ ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார். வெளியே இருட்டானதால் ஜன்னல் கண்ணாடியில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தது. என் கை சட்டைப்பையில் இருந்ததும் தெரிந்தது. அக்கா கண்ணாடியில் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் வந்ததும் கேட்டாள். "அத இன்னா பண்ணப் போற?"

"எத?"

"நாப்பத்தொண்ண."

சட்டைப்பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"பைய தொழாவாம நான் என்னிக்குடா துணி நனைச்சிருக்கேன்? எட்த்து வச்சி, தோச்சி மடிச்சப்பறம் திரும்ப உள்ள போட்டேன். அஞ்சு வருசமாப் பாக்கறேன். உள்ள போவும்போதாவது சொல்லுவன்னுதான் இவ்ளோ தூரம் உன்ன இட்டாந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன், தொப்பியிலிருந்து. முடித்ததும், "ஒரே நொடின்னியே. அதுவும் பொய்தானா? எவ்ளோ நேரம் இருந்தாரு?" என்றாள். நாலு மணி நேரம் என்றேன். அவள் மலையைப் பார்த்துக்கொண்டு, "தண்ணி கேட்ருப்பாரு" என்றாள்.

"ஏங்கா அப்பவே கேக்கல? நாக்கப் புடுங்கற மாரி கேட்ருக்கலாமே, செருப்பால அடிச்சிருக்கலாமே?"

"கேட்டா நீ அழுவ. நீ அழுதா நான் மன்னிச்சுடுவேன். எனக்கு இருக்கறது நீ ஒரு தம்பிதான. அப்பறம் அவருக்குன்னு யாருடா கீறாங்க?"

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் சாதாரணமாகப் பேசினாள், எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்தாள். ஊர் வந்ததும் கம்பெனிக்கு நடந்ததையெல்லாம் எழுதி, அந்தக் காகிதத்தில் அவர் மேல் எழுதிய பழியைத் திருத்துங்கள் என்று கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த முகவரியில் யாரும் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. வேலை முடிந்துவிட்டதால் ஆபீஸையே எடுத்துவிட்டார்களாம். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களும் பதில் போட மாட்டீர்கள்.

இன்று காலை வில்லை கீழே விழுந்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. மதியமே கடையை விட்டுக் கிளம்பி, பஸ் மாறித் திருக்கனூர் போனேன். கீழே விழுந்துவிட்டது, யாரோ எடுத்துக் கொடுத்தார், மாடு என்று சொன்னார் என்று அக்காவிடம் ஒப்பித்தேன். வேண்டாம் அக்கா, நீயே வைத்துக்கொள் என்று வில்லையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "சட்டையக் கழட்டு" என்றாள். ஊசியில் நூலைக் கோத்து, உங்கள் பழைய சட்டையிலிருந்து ஒரு பொத்தானை அறுத்தெடுத்து, என் பையின் வாயில் வைத்து நாலு தையல் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள். வில்லையை நான்தான் உள்ளே போட வேண்டியிருந்தது. போட்டதும் பொத்தானை மாட்டி, சட்டையை என் கையில் கொடுத்தாள்.

"இனிமே வுழாது. போட்டுக்க" என்றாள்.