ஹலினாவை வழியனுப்பியது

இஞ்சாருங்கோ,

கலியாணம் செய்த நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கடிதத்துக்கு மட்டும் புதிதாக ஒரு பெயரை எங்கே தேடுவேன்? இந்த ஒரு சொல்லைக் கேட்டால் போதும், எந்த அறையில் இருந்தாலும் "என்ன மதர்?" என்று குரல் கொடுப்பீர்கள். கன்னியர் மடத்தில் படித்தவள், பிழை பொறுக்காதவள் என்று எனக்கு நீங்கள் வைத்த பட்டம் அது. பட்டம் இருக்கிறது. கூப்பிட ஆள் இல்லை.

அடுத்த மாதம் உங்கள் ஆண்டுத் திவசம். பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி கொடுப்போம் என்று மகன் கேட்டான். எனக்கு அந்த வரிகள் பிடிப்பதில்லை. எல்லா வீட்டுச் சாவுக்கும் ஒரே வரிகள். அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும், சொல்ல வேண்டியது உங்களுக்குத்தான். ஒரு வேலையை முடிக்காமல் போய்விட்டீர்கள். அது என் தலையில் விழுந்தது.

ஹலினாவை உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே கனடாவில், மல்வேர்னில், எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில், அதுதான் நிலத்துக்குக் கீழே உள்ள அறையில், குடியிருந்த பெலாருஸ் நாட்டுப் பெண் அவள். சிறுபிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள். தன் ஊர்த் தெருவில், ஆட்சியை எதிர்த்த மற்றவர்களோடு சேர்ந்து நின்று பாடினாள் என்று பிடித்து அடைத்தார்கள். வெளியே விட்டதும் போலந்துக்கு ஓடினாள். அங்கே விசா கொடுத்தது கனடா மட்டும்தான். அதனால் இங்கே வந்து இறங்கினாள். அவள் சின்ன வயதிலிருந்து போக நினைத்த நாடு அமெரிக்கா.

அவளுடைய அப்பா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்துக்குள் காதை வைத்து அமெரிக்க வானொலி கேட்பாராம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று. அங்கே மனிதர்கள் நினைத்ததைச் சொல்கிறார்கள் என்று மகளின் காதுக்குள் சொல்வாராம். இன்றைக்கும் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அமெரிக்காதான் ஞாபகம் வருகிறது என்றாள். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"எங்களுக்கு அமெரிக்கா எண்டா பவலோவில ஒரு சேர்ச் ஹோலும் மடக்குக் கட்டிலும்தான் பிள்ளை" என்றீர்கள்.

உண்மைதானே. நாங்கள் அமெரிக்காவில் கால் வைத்து, நிற்காமல், கனடாவுக்கு ஓடி வந்தவர்கள். எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கனடாவுக்கு, எப்போது கூப்பிடுவார்கள் என்று பவலோவில் அந்தச் சேர்ச் மண்டபத்தில் காத்துக் கிடந்தோம். பிறகு நீங்கள் எத்தனை பேரை அந்தப் பாலத்தடியில் போய் ஏற்றி வந்தீர்கள். எங்கள் வரவேற்பறை முழுக்கப் பாய் விரித்திருக்கும். ஒருவரைக்கூட எதிர்ப் பக்கம் கொண்டுபோய் விட்டதில்லை.

இங்கே ஹலினாவின் அகதிக் கேஸ் தோற்றது. அவள் சொன்னதை நம்ப முடியவில்லை என்று எழுதினார்கள். மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தபோதே அவளுடைய லோயர் இன்னொரு வழியையும் சொல்லி வைத்தார். கூடப்பிறந்த அண்ணன் அமெரிக்காவில் அகதியாக ஏற்கப்பட்டவர் என்பதால், பாலத்தில் போய் நின்று அடைக்கலம் கேட்கலாம். மற்றவர்களை வந்த வழியே திருப்பிவிடுவார்கள், சொந்தம் இருப்பவர்களை மட்டும் விசாரிப்பார்கள். விசாரித்த பிறகு என்ன செய்வார்கள் என்று இந்த நாட்களில் யாரும் உறுதி சொல்ல முடியாது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் அவளுக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. "பயப்பிடாத பிள்ளை. இஞ்ச தோத்தா, நான் கொண்டுபோய் விடுறன். அந்தப் பாலம் எனக்குப் பழக்கம்." தமிழிலேயே சொன்னீர்கள். அவளும் "ஓம் அங்கிள்" என்றாள். நீங்கள் கற்றுக்கொடுத்த தமிழ் அவ்வளவுதான். எதைக் கேட்டாலும் ஓம்.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். மேல்முறையீடும் தோற்றது. நாட்டை விட்டு வெளியேறச் சொல்லிக் கட்டளை வந்தது. ஊருக்குத் திரும்பினால் அவளுக்குக் காத்திருந்தது சிறை.

நான் அவளைப் போக வேண்டாம் என்றுதான் சொன்னேன். தொலைக்காட்சியில் அங்கே தெருவில் ஆட்களைப் பிடிப்பதைக் காட்டுகிறார்களே, நீ பார்ப்பதில்லையா என்று கேட்டேன். அவள் பேசியது உடைந்த ஆங்கிலம், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"பார்க்கிறேன் அன்ரி. அப்பா கேட்ட நாடு இது இல்லையோ என்று எனக்கும் பயம்தான்."

"பிறகென்ன? எந்த விடுதலையைத் தேடி அங்கே போகிறாய்?"

"என் ஊரில் என்னைப் பிடித்தபோது அம்மா சிறை வாசலுக்கு வந்தார். அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்றார்கள். நான் உள்ளே இருந்தேன். அமெரிக்காவில் பிடித்தால் அண்ணன் வாசலில் நின்று கேட்பார். கத்திக் கேட்பார். கேட்டதற்காக அவரைப் பிடிக்க மாட்டார்கள். எனக்கு அவ்வளவு விடுதலை போதும்."

நான் எழுந்து போய்விட்டேன். அவளுக்கு என்ன தெரியும்? ஊரில் உங்கள் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனபோது மாமி, உங்களைப் பெத்தவ, எத்தனை ராணுவ முகாம் வாசலில் போய் நின்றா. அப்படி ஒருவர் இல்லை என்றுதானே எங்களுக்கும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவளைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொண்டுபோய் விட நீங்கள் இல்லை. அஜக்சில் குடியிருக்கும் ரமணனுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். உங்கள் மகன் முதலில் துள்ளினான்.

"அம்மா, உங்களுக்கேன் உந்த வேலை? ஊபர் பிடிச்சுப் போகட்டும்."

"உன்ர அப்பா வாக்குக் குடுத்தவர்" என்றேன்.

எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டான்.

இனி நடந்ததை நீங்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும்.

அவள் புறப்பட்ட காலையில் நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தாலி இழந்தவள் பயணம் போகிறவர் எதிரே வரக் கூடாது. இதையெல்லாம் மூடத்தனம் என்று மடத்தில் மதர்மார் சொல்லித் தந்தார்கள். நானும் ஊருக்கெல்லாம் அதையே சொன்னேன். மணியக்கா தன் மனிதர் போன பிறகு கலியாண வீடுகளுக்குப் பின்வாசலால் போனபோது, கையைப் பிடித்து முன்வாசலுக்கு இழுத்து வந்தது நான்தான். எனக்கு அந்த நிலை வந்தபோது என் கையைப் பிடித்து இழுக்க ஒருவரும் வரவில்லை. யாரும் என்னை ஒதுங்கச் சொல்லவும் இல்லை. கால் தானாகவே ஒதுங்கியது. பேத்தி கார் ஓட்டும் சோதனைக்குப் போன காலையில் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டேன். அவள் பாஸ் பண்ணிவிட்டாள். அதுதான் என்னைக் கெடுத்தது.

வரவேற்பறையில் ஹலினா சும்மா உட்கார்ந்திருந்தாளாம். ரமணன் களைப்பாக்கும் என்று நினைத்து, நாலு-சீரோ-வண் நெடுஞ்சாலையில் ட்ராஃபிக் கூடிவிடும் என்று அவசரப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனான். கார் வீட்டுக்கு முன்னால் உள்ள றைவ்வேயை விட்டுத் தெருவுக்கு இறங்கும்போது மனசு கேளாமல் சமையலறை யன்னலால் எட்டிப் பார்த்தேன். அவள் திரும்பினாள். என் முகத்தைக் கண்டாள்.

பின்னேரமே திரும்பி வந்துவிட்டாள். அண்ணன் தங்கை என்று காட்ட அவளிடம் இருந்தது பிறப்புப் பத்திரத்தின் நகல். அசல் வேண்டும் என்று பாலத்தில் சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு இந்த வீட்டில் நடந்த சண்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிழை என்னுடையது, என் முகத்தில் முழித்துப் போனாய் என்று நான் சொல்கிறேன். இல்லை, பிழை என்னுடையது என்று அவள் அழுகிறாள். அவர்கள் நாட்டில் பயணம் புறப்படும் முன் வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, பேசாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் எழும்ப வேண்டுமாம். ஒருவர் குறைந்தாலும் வழி சரிவராதாம். அவள் எனக்காகத்தான் உட்கார்ந்து காத்திருந்தாள். நான் அவளுக்காகத்தான் ஒளிந்து நின்றேன்.

ரமணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "பிழை உங்கட ரெண்டு பேரிலயும் இல்லை. பேப்பரில. ரெண்டு பேருக்கும் விசர், பைத்தியம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவளுடைய அம்மா அசலைத் தேடி எடுத்து, போலந்துக்குப் போகிற ஒரு பெண்ணின் கையில் கொடுத்து அனுப்பினார். அது எங்கள் கைக்கு வந்து சேரும்வரை நானும் ஹலினாவும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நாடு கடத்தும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கதவில் யார் தட்டினாலும் அவள் பேஸ்மென்ற் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் இருப்பாள். கனடாவில், எங்கள் வீட்டில், பட்டப்பகலில்.

இரண்டாம் தரம் புறப்பட்ட காலையிலும் நான் சமையலறைக்குள்தான் நின்றேன். அவ்வளவு நடந்த பிறகும். குழாயைத் திறந்து, கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தேன். இந்த முறை ஹலினா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள், தனக்கு ஒன்று.

"வெளியே போ, என் முகத்தைப் பாராதே" என்றேன். அவளிடம் நான் கடுமையாகப் பேசியது அதுதான் முதல் தரம்.

"அன்ரி, என் அம்மாவும் விதவைதான். நான் சிறையிலிருந்து வந்து போலந்துக்கு ஓடியபோது என்னை வழியனுப்பியது அவர் மட்டும்தான். ஒன்றும் நடக்கவில்லை, தப்பிவிட்டேன்." பிறகு தன் கோணல் சிரிப்போடு சொன்னாள். "என்னைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எல்லோருக்கும் பெண்சாதி இருந்தது."

ரமணன் வாசலில் நின்று சிரித்துவிட்டான். பிறகு அவனும் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நான் குழாயை மூட எழுந்தேன். இருக்கட்டும், மூட வேண்டாம் என்று ஹலினா கையைக் காட்டினாள். மூன்று பேரும் பேசாமல் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். என்னுடைய கதிரைக்குப் பக்கத்தில் உங்கள் கதிரை வெறுமையாக இருந்தது. எல்லோரும் உட்கார வேண்டும் என்றாளே, அதில் உங்களையும் சேர்த்தாளோ தெரியாது. நான் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு நான்தான் முதலில் எழும்பினேன். முன்கதவைத் திறந்தேன். காருக்கு முன்னால், றைவ்வேயின் நடுவில் போய் நின்றேன். அடுத்த வீட்டுச் சனம் பார்க்கட்டும் என்று நின்றேன். ரமணன் ஹோர்ன் அடித்த பிறகுதான் விலகினேன்.

பாலத்தடியில் ரமணன் நெடுநேரம் காத்திருந்தான். அவள் திரும்பி வரவில்லை. உள்ளே எடுத்துவிட்டார்கள் என்று அவன் ஃபோனில் சொன்னபோது சாமியறையில் உங்கள் படத்துக்குக் கீழே விழுந்து கும்பிட்டேன். என்ன அவசரம் எனக்கு?

அவளைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். முதலில் எங்கே என்றே தெரியவில்லை. பிறகு அண்ணன் கண்டுபிடித்தார். அவருடைய ஊரிலிருந்து ஒரு பகல் முழுக்க ஓட வேண்டிய தூரத்தில், வயல்களுக்கு நடுவில் ஒரு தடுப்பு முகாமாம். தடுப்பு என்ற சொல்லை இந்த வயதில் நான் திரும்பவும் எழுதுவேன் என்று நினைத்தேனா? அங்கிருந்து அவளைப் பெலாருசுக்கே அனுப்பலாம் என்கிறார்கள். அனுப்ப மாட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். லோயர் இப்போதெல்லாம் நான் கேட்கிற கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை.

நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கொண்டுபோய் விட்டிருப்பீர்களா, இல்லை எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பீர்களா? அவளை நாங்கள் தப்ப வைத்தோமா, கொண்டுபோய்க் கொடுத்தோமா? அவளுடைய அப்பா தண்ணீர்ச் சத்தத்துக்குள் கேட்ட நாடு எங்கேதான் இருக்கிறது? இரவில் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவும்போது குழாயை மூட முடியாமல் நிற்கிறேன். வாழ்நாளில் தண்ணீரை வீணாக்காதவள் நான்.

நேற்று அண்ணன் ஃபோன் எடுத்தார். லொறி ஓட்டுகிற மனிதர், வேலையை விட்டுவிட்டு அங்கே போய் நிற்கிறார். "தங்கச்சி உள்ளே. நான் வாசலில். ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். இன்னும் என்னைப் பிடிக்கவில்லை" என்றார். அவருடைய ஆங்கிலத்தில் திருத்துவதற்கு நிறைய இருந்தது. நான் ஒன்றையும் திருத்தவில்லை.

அவள் இங்கே இல்லை என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. இருக்கிறாள் என்று ஒத்துக்கொள்கிறார்கள். உங்கள் தம்பிக்கு அந்த ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. அதை மட்டும் பிடித்துக்கொண்டு படுக்கிறேன், எழும்புகிறேன்.

நீங்கள் கொடுத்த வாக்கு பாலத்தோடு முடிந்துவிடவில்லை என்று எனக்குப் படுகிறது. அதனால் என் வாக்கையும் கேட்டுக்கொள்ளுங்கோ. அந்த முகாமுக்குக் காலையில் நான் ஃபோன் எடுக்கிறேன். மதர்மார் படிப்பித்த ஆங்கிலத்தில் அவளுடைய முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி, எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறேன். ஃபோனை வைத்துவிடுகிறார்கள். அடுத்த நாளும் எடுக்கிறேன். அவள் வெளியே வரும்வரை எடுப்பேன். பேஸ்மென்ற்றை வேறு ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன். உங்கள் திவசத்துக்கு வருகிறவர்களைச் சாப்பிட வைத்து, முன்வாசலில் எல்லோருக்கும் எதிரே நின்று வழியனுப்புவேன். மணியக்காவையும் பக்கத்தில் நிறுத்துவேன்.

அவள் வெளியே வந்த அன்று முதலில் உங்களிடம்தான் வந்து சொல்வேன். "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுவேன். அப்போது மட்டும் எப்படியாவது ஒரு குரல் கொடுங்கோ.

உங்கள் மனுசி,
பரமேஸ்வரி